கில்பர்ட் வாக்கர்

சர் கில்பர்ட் தாமஸ் வாக்கர் (ஜூன் 14, 1868 – நவம்பர் 4, 1958) ஆங்கிலேயக் கணிதவியலாளரும் வானிலையியலாளரும் ஆவார். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைவராகப் பணியாற்றினார். தென்மேற்குப் பருவமழை மிகுமா, பொய்க்குமா என்பதை முன்கூட்டியே அறிந்து சொல்வதற்கு வழி தேடிய இவர், பசிபிக் பெருங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே காற்றழுத்தம் துலாத்தட்டுகளைப் போல மாறி மாறி ஏறி இறங்குவதைக் கணக்கீடுகளின் வழி நிறுவினார். இந்நிகழ்வுக்குத் தென் அலைவு என்று பெயரிட்டவரும் இவரே. வெப்பமண்டலப் பசிபிக் பகுதியின் காற்றோட்டம் இவர் நினைவாக வாக்கர் சுழற்சி என அழைக்கப்படுகிறது. கணிதமேதை சீனிவாச இராமானுஜனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை கிடைக்கப் பரிந்துரைத்தவர் என்ற வகையிலும் இவர் நினைவுகூரப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

வாக்கர் இங்கிலாந்தின் லங்காசயர் மாவட்டத்தில் அப்போது இருந்த ராச்டேல் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை தாமஸ் வாக்கர் ஒரு பொறியாளர். பின்னர் லண்டனுக்குத் தெற்கே உள்ள குரொய்டன் நகரின் பொறியாளராகப் பணிபுரிந்தார். வாக்கர் குரொய்டனில் உள்ள விட்கிஃப்ட் பள்ளியிலும், பின்னர் உதவித்தொகை பெற்று லண்டன் புனித பவுல் பள்ளியிலும் பயின்றார். அங்கிருந்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். 1889 ஆம் ஆண்டு கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றார்.

கடும் படிப்பினால் இவரது உடல்நலம் சீர்குலைந்தது. குளிர்காலங்கள் சிலவற்றைச் சுவிட்சர்லாந்தில் ஓய்வில் கழிக்க நேர்ந்தது. அங்குதான் பனிச்சறுக்காட்டத்தில் தேர்ச்சி பெற்றார். 1891 இல் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளராகவும், 1895 இல் விரிவுரையாளராகவும் ஆனார். மின்காந்தவியல் குறித்த ஆய்வுக்காக 1899 இல் ஆடம்ஸ் பரிசு பெற்றார்.

எறிந்தவரிடமே திரும்பி வரும் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பூமராங்கு வளைதடி எவ்விதம் பறக்கிறது என்பதிலும் இவருக்குப் பெரும் ஆர்வம் இருந்தது. கல்லூரியின் பின்புறத் திடல்களில் அவற்றை எறிந்து பார்த்து, அவற்றின் இயக்கத்தைக் கணித வடிவில் விளக்கி 1897 இல் கட்டுரை வெளியிட்டார். இதனால் நண்பர்களிடையே பூமராங்கு வாக்கர் என்ற பட்டப்பெயர் பெற்றார்.

இந்தியாவில் முன்னறிவிப்பின் பின்னணி

1864 இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலும், 1866 இல் ஒரிசாவில் ஏற்பட்ட பஞ்சமும் இந்தியாவில் வானிலை அளவீடுகளை ஒருங்கிணைக்க வேண்டிய தேவையை உணர்த்தின. இதன் தொடர்ச்சியாக 1875 இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். மறு ஆண்டே பருவமழை பொய்க்கத் தொடங்கியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சம் சென்னை மாகாணத்தைக் கடுமையாகத் தாக்கியது. தமிழகத்தில் அது தாது வருடப் பஞ்சம் என நினைவுகூரப்படுகிறது.

மழை பொய்க்கும் என்பது முன்பே தெரிந்தால் தானியம் சேமிக்கவும், நிவாரணப் பணிகளைத் திட்டமிடவும் இயலும். எனவே அரசு பருவமழை முன்னறிவிப்பைக் கோரியது. இமயமலையில் வேனிற்காலத்தில் பனி மிகுந்து கிடந்தால் வடமேற்கு இந்தியாவில் மழை குறையும் என்று பிளான்ஃபோர்ட் கண்டார். இதனடிப்படையில் 1886 ஜூன் 4 அன்று முதல் முறையான பருவமழை முன்னறிவிப்பு வெளியாயிற்று.

அவருக்குப் பின் தலைவரான ஜான் எலியட், பனியுடன் வேறு பல காரணிகளையும் சேர்த்து மிக விரிவான முன்னறிவிப்புகளைத் தயாரித்தார். ஆனால் 1899 இல் நல்ல மழை பெய்யும் என அறிவிக்கப்பட்டிருந்த நிலையில், நாட்டின் பருவமழை இயல்பைவிடக் கால் பங்குக்கும் மேல் குறைந்தது. பெரும் பஞ்சம் ஏற்பட்டது. செய்தித்தாள்கள் துறையைக் கண்டித்தன. அதன்பின் சில ஆண்டுகள் முன்னறிவிப்புகள் பொதுமக்களுக்கு வெளியிடப்படாமல் அரசு அலுவலர்களுக்கு மட்டும் மறைமுகமாக அனுப்பப்பட்டன.

துறைத் தலைவராதல்

எலியட் தம் இடத்திற்கு ஒரு கணிதவியலாளரே பொருத்தமானவர் எனக் கருதினார். வாக்கர் அதுவரை வானிலையியலில் பயிற்சி பெற்றவர் அல்லர். பதவியேற்கும் முன் ஐரோப்பாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் உள்ள வானிலை நிலையங்களைப் பார்வையிட்டார். 1904 ஜனவரியில் இந்திய ஆய்வுக்கூடங்களின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் வேந்தியக் கழகத்தின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

துறையின் தலைமையகம் அப்போது சிம்லாவில் இருந்தது. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடமும் இவரது பொறுப்பின் கீழ் வந்தது. ஜார்ஜ் சிம்ப்சன், ஜான் பீல்டு, சார்லஸ் நார்மண்ட் முதலிய அறிவியலாளர்கள் இவர் காலத்தில் துறையில் பணியாற்றினர். பலூன்களின் உதவியுடன் மேல்வளி மண்டலத்தை அளக்கும் பணி ஆக்ராவில் பீல்டின் பொறுப்பில் வளர்ந்தது. துறைமுகங்களுக்கான புயல் எச்சரிக்கைகள் தந்தி வழியே அனுப்பப்பட்டு வந்தன. எனினும் வாக்கரின் முதன்மையான ஆய்வுப் பணியாக அமைந்தது பருவமழை முன்னறிவிப்பே ஆகும்.

கணக்கீட்டு முறை

காற்று, ஈரம், வெப்பம் ஆகியவற்றின் இயக்கச் சமன்பாடுகளைக் கொண்டு பருவமழையைக் கணக்கிடுவது அக்காலத்தில் இயலாததாக இருந்தது. இதனை உணர்ந்த வாக்கர், கொள்கை விளக்கத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் புள்ளியியலை நாடினார். உலகின் பல இடங்களில் பல்லாண்டுகளாகப் பதிவான காற்றழுத்தம், வெப்பநிலை, மழை அளவு ஆகியவற்றைத் திரட்டி, அவற்றுள் எவை இந்தியப் பருவமழையுடன் சேர்ந்து மாறுகின்றன என்று தேடினார்.

இதற்கு இவர் பயன்படுத்திய கருவி ஒட்டுறவுக் கெழு ஆகும். இரண்டு அளவுகள் எப்போதும் ஒரே திசையில் முற்றிலும் ஒத்து மாறினால் இதன் மதிப்பு +1 ஆகும். எதிர்த்திசையில் மாறினால் -1 ஆகும். அவ்வகைத் தொடர்பு ஏதும் இல்லையெனில் 0 ஆகும். இவ்வாறு தேர்ந்தெடுத்த காரணிகளை ஒரே சமன்பாட்டில் இணைத்து, வரவிருக்கும் மழையின் அளவைக் கணித்தார். புள்ளியியலில் இது தொடர்புப் போக்கு எனப்படும். முன்னறிவிப்பவரின் தனிப்பட்ட ஊகத்திற்கு இடமளிக்காத இம்முறையைக் கொண்டு 1909 முதல் முன்னறிவிப்புகள் தயாரிக்கப்பட்டன.

தொடக்கத்தில் இவர் தேர்ந்த காரணிகளுள் பின்வருவன அடங்கும்:

மே மாத இறுதியில் இமயமலையில் தேங்கியிருக்கும் பனியின் அளவு
மொரீசியசின் மே மாதக் காற்றழுத்தம்
தென் அமெரிக்காவின் வேனிற்காலக் காற்றழுத்தம்
கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவில் ஏப்ரல், மே மாதங்களில் பெய்யும் மழை

கணினி இல்லாத அக்காலத்தில் இக்கணக்குகள் அனைத்தும் கையாலேயே செய்யப்பட்டன. சிம்லா அலுவலகத்தின் இந்தியப் பணியாளர்கள் ஆயிரக்கணக்கான எண்களைப் பெருக்கியும் கூட்டியும் அட்டவணைப்படுத்தினர். முதல் உலகப் போரின்போது அறிவியலாளர்கள் பலர் போர்ப்பணிக்குச் சென்றபோதும் இவ்வேலை தொடர்ந்தது. பின்னாளில் வாக்கருக்குக் கிடைத்த புகழின் அடித்தளத்தில் பெயர் அறியப்படாத இப்பணியாளர்களின் உழைப்பு பெரிதும் உள்ளது.

நம்பகத்தன்மை குறித்த கவனம்

பல காரணிகளைத் தேடிப் பார்க்கும்போது, உண்மையில் தொடர்பே இல்லாத ஒன்று தற்செயலாகப் பெரிய ஒட்டுறவைக் காட்டக்கூடும். சான்றாக, இருபதில் ஒரு முறை மட்டுமே தற்செயலாக நேரக்கூடிய ஓர் ஒற்றுமை, நூறு காரணிகளைச் சோதித்தால் ஏறத்தாழ ஐந்து முறை தோன்றும். ஆய்வாளர் அந்த ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏமாந்து போவார். இந்த ஆபத்தை வாக்கர் 1914 ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டி, சோதித்த காரணிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அளவுகோலை உயர்த்த வேண்டும் என்று காட்டினார். புள்ளியியலாளர் பலர் இதனைப் பின்னரே விரிவாக ஆராய்ந்தனர்.

இதே கண்டிப்பை அக்காலத்தில் நிலவிய பல நம்பிக்கைகளின் மீதும் செலுத்தினார். இந்தியாவின் தட்பவெப்பம் நிலையாக மாறிவிட்டது என்ற கருத்தை 1910 இல் ஆராய்ந்து, அதற்குப் போதிய சான்று இல்லை என்று அறிவித்தார். சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு மழையைக் கணிக்கலாம் என்ற கருத்தைப் பல நாட்டு அளவீடுகளுடன் ஒப்பிட்டு, அத்தொடர்பு மிக வலுக்குறைந்தது எனக் கண்டார்.

இந்தியா முழுமைக்கும் ஒரே எண்ணைச் சொல்வது பயன் குறைந்தது என்பதையும் இவர் உணர்ந்தார். ஒரே ஆண்டில் ஒரு பகுதியில் வெள்ளமும் மற்றொரு பகுதியில் வறட்சியும் ஏற்படுவது உண்டு. எனவே நாட்டைத் தீபகற்பம், வடமேற்கு, வடகிழக்கு என மூன்று பகுதிகளாகப் பிரித்தார். முதல் இரு பகுதிகளுக்கும் ஓரளவு பயன் தரும் சமன்பாடுகள் கிடைத்தன. வெள்ளம் மிகுதியாக நேரும் வடகிழக்குப் பகுதிக்கு நம்பத்தக்க காரணிகள் கிடைக்கவில்லை. அப்பகுதிக்கான முன்னறிவிப்பு 1935 இல் கைவிடப்பட்டது.

இவர் காலத்தில் பருவமழையின் இரு எல்லைகளும் அடுத்தடுத்துக் காணப்பட்டன. 1917 இல் நாட்டின் மழை இயல்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிகுந்தது. 1918 இல் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. சமன்பாடு பெரும் விலகலைக் காட்டும்போது மட்டும் முன்னறிவிப்பது நல்லது, மற்ற ஆண்டுகளில் ஏதும் கூறாதிருப்பதே நேர்மை என்பது இவரது கொள்கையாயிற்று. பருவகாலக் கணிப்பு அன்றாட வானிலை அறிக்கையைப் போல் உறுதியானதன்று என்பதால், அதற்கு முன்னறிவிப்பு என்ற சொல்லைவிட மென்மையான வேறொரு சொல்லையே பயன்படுத்தினார்.

இராமானுஜனுடன் தொடர்பு

1913 பிப்ரவரியில் வாக்கர் அலுவல் பயணமாகச் சென்னைக்கு வந்தார். அப்போது இராமானுஜன் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக இருந்தார். துறைமுகத்தின் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங், இராமானுஜனின் கணிதக் குறிப்புகளை வாக்கரிடம் காட்டினார். அவை தம்முடைய சிறப்புத் துறையைச் சார்ந்தவை அல்ல என்றபோதிலும், அவற்றின் தனித்தன்மையை வாக்கர் உடனே உணர்ந்தார்.

பிப்ரவரி 26 அன்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்கு எழுதிய மடலில், பிழைப்பைப் பற்றிய கவலையின்றி இராமானுஜன் சில ஆண்டுகள் கணிதத்தில் மட்டும் ஈடுபட வகை செய்யுமாறு கேட்டுக்கொண்டார். இராமானுஜனிடம் பட்டம் எதுவும் இல்லாதிருந்தும், அவருக்கு மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஆய்வு உதவித்தொகை வழங்கப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. 1913 மே மாதம் முதல் அவர் முழுநேர ஆய்வாளரானார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜுக்குச் சென்று, வாக்கர் பயின்ற அதே டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார்.

தென் அலைவு

இந்தியாவின் மழையைத் தேடிப் புறப்பட்ட வாக்கரின் ஆய்வு படிப்படியாக உலக வானிலை முழுவதையும் தழுவியது. ஓரிடத்தில் காற்றழுத்தம் ஏறும்போது மிகத் தொலைவில் உள்ள மற்றோரிடத்தில் அது இறங்குவதை இவருக்கு முன்பே சிலர் கவனித்திருந்தனர். ஸ்வீடனைச் சேர்ந்த ஹில்டபிராண்ட்சன், சிட்னி மற்றும் புவெனஸ் அயர்ஸ் நகரங்களின் காற்றழுத்தம் எதிரெதிராக மாறுவதை 1897 இல் காட்டினார். இங்கிலாந்தின் நார்மன் லாக்கியரும் அவர் மகனும் இதனை மேலும் ஆராய்ந்தனர். சிதறிக் கிடந்த இச்செய்திகளை ஒரே ஒழுங்கில் சேர்த்து அளந்து காட்டியது வாக்கரின் சாதனையாகும்.

1923 முதல் உலக வானிலை என்ற பொதுத் தலைப்பில் இவர் வெளியிட்ட கட்டுரைத் தொடரில் மூன்று பெரும் அலைவுகள் விளக்கப்பட்டன. வட அட்லாண்டிக் அலைவு, வட பசிபிக் அலைவு, தென் அலைவு என்பன அவை. இவற்றுள் தென் அலைவே மிகப் பெரியது. பசிபிக் பெருங்கடலின் மீது காற்றழுத்தம் மிகுந்திருக்கும்போது, ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரையிலான இந்தியப் பெருங்கடல் பகுதியில் அது குறைந்திருக்கும். அத்தகைய ஆண்டுகளில் இந்தியாவில் பொதுவாக நல்ல மழை பெய்யும். நிலை மாறும்போது மழை குறையும்.

ஆனால் ஓர் இடையூறும் தென்பட்டது. தென் அலைவு பருவமழைக்கு முந்திய மாதங்களைவிட, மழைக்காலத்திற்குப் பிந்திய மாதங்களிலேயே இந்திய மழையுடன் வலுவான தொடர்பு கொண்டிருந்தது. அதாவது, இந்தியப் பருவமழையைப் பார்த்துப் பிற நாடுகளின் வானிலையைக் கணிப்பது, பிற நாடுகளைப் பார்த்து இந்தியப் பருவமழையைக் கணிப்பதைவிட எளிதாக இருந்தது. இதனை 1953 இல் நார்மண்ட் தெளிவாக எடுத்துக்காட்டினார். இந்தியாவிற்காகத் தேடிய திறவுகோல் இந்தியாவிற்கே முழுமையாகப் பயன்படவில்லை.

இங்கிலாந்துக்குத் திரும்புதல்

1924 இல் ஓய்வு பெற்ற வாக்கருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. அதே ஆண்டில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானிலையியல் பேராசிரியராகி, 1934 வரை பணியாற்றினார். அங்கு மெல்லிய நீர்ம அடுக்குகளைச் சூடாக்கி, மேகங்கள் வரிசையாகவும் கட்டங்களாகவும் அமைவதன் காரணத்தை மாணவர்களுடன் ஆராய்ந்தார். எட்வர்ட் பிளிஸ் என்பவருடன் இணைந்து உலக வானிலைத் தொடரை 1937 வரை தொடர்ந்தார்.

காலத்தொடர் அளவீடுகளில் ஒழுங்கான சுழற்சி உள்ளதா என்பதைக் கண்டறிய 1931 இல் இவர் எழுதிய கட்டுரையும் சிறப்புடையது. உட்னி யூல் என்பவரின் 1927 ஆம் ஆண்டு ஆய்வை விரிவாக்கிய இக்கட்டுரையிலிருந்து பிறந்தவை யூல்-வாக்கர் சமன்பாடுகள். இவை இன்று பொருளியல், ஒலிப் பகுப்பாய்வு முதலிய துறைகளிலும் பயன்படுகின்றன.

வாக்கர் 1918 இல் இந்திய அறிவியல் மாநாட்டிற்கும், 1926–27 காலத்தில் வேந்திய வானிலையியல் கழகத்திற்கும் தலைவராக இருந்தார். 1934 இல் அக்கழகத்தின் சைமன்ஸ் பதக்கத்தைப் பெற்றார்.

பிற ஆர்வங்கள்

1908 இல் மே கான்ஸ்டன்ஸ் கார்ட்டர் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். கழுகுகளும் பருந்துகளும் சிறகடிக்காமல் உயர எழுவதை இந்தியாவில் உற்றுநோக்கி, பறவைகள் பறக்கும் முறை குறித்து எழுதினார். புல்லாங்குழல் இசையில் ஈடுபாடு கொண்டு, அக்கருவியின் அமைப்பில் திருத்தங்களும் செய்தார். ஓவியம் வரைவதிலும் நாட்டம் உண்டு.

மறைவும் பிற்கால மதிப்பீடும்

வாக்கர் 1958 நவம்பர் 4 அன்று சர்ரே மாவட்டத்தின் கூல்ஸ்டன் என்னும் ஊரில் தமது 90 ஆம் வயதில் காலமானார். இவரது ஒட்டுறவுகள் சில ஆண்டுகள் செல்லச் செல்ல வலுவிழந்திருந்தன. தென் அலைவிற்கு இயற்பியல் விளக்கமும் கிடைத்திருக்கவில்லை. எனவே இவர் மறைந்தபோது, உலக வானிலை பற்றிய இவரது எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை என்றே வானிலையியலாளர் பலர் எண்ணினர்.

ஆயினும் விடை அப்போதே கடலில் உருவாகிக்கொண்டிருந்தது. 1957–58 காலத்தில் பசிபிக்கில் வலுவான எல் நீனோ தோன்றியது. அது பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டாக இருந்தமையால் அளவீடுகள் நிறையக் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த யாகோப் பியர்க்னெஸ், கடல்நீர் வெப்பமடைதலும் தென் அலைவும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என 1960களில் விளக்கினார். பசிபிக்கின் மேற்கில் மேலெழுந்து கிழக்கில் கீழிறங்கும் காற்றோட்டத்திற்கு வாக்கர் சுழற்சி என 1969 இல் பெயரிட்டவரும் அவரே. 1877, 1899, 1918 ஆகிய வறட்சி ஆண்டுகள் எல் நீனோவுடன் தொடர்புடையவை என்பது இன்று அறியப்பட்டுள்ளது.

இந்தியாவில் வாக்கரின் வழியைப் பின்பற்றிய புள்ளியியல் முன்னறிவிப்பு பல மாற்றங்களுடன் தொடர்ந்தது. வசந்த் கோவாரிக்கர் தலைமையிலான குழு உருவாக்கிய 16 காரணிச் சமன்பாடு 1988 முதல் பயன்பட்டது. 1997 இல் எல் நீனோ மிக வலுவாக இருந்தும் மழை இயல்பாகவே பெய்தது. 2002 இல் முன்னறிவிப்புக்கு மாறாகக் கடும் வறட்சி நேர்ந்தது. எந்த ஒரு தொடர்பையும் நிலையானதாகக் கொள்ளக் கூடாது என்ற வாக்கரின் எச்சரிக்கையை இவ்விரு ஆண்டுகளும் உறுதிப்படுத்தின. 2021 முதல், கடலையும் காற்றையும் இணைத்துக் கணினியில் கணக்கிடும் பல மாதிரிகளின் தொகுப்பை இந்திய வானிலை ஆய்வுத் துறை பயன்படுத்துகிறது. முன்னறிவிப்புகள் இப்போது நிகழ்தகவுகளாகவும் வெளியிடப்படுகின்றன.

வெள்ள எச்சரிக்கையும் வாக்கரின் பணியும்

ஒரு பருவத்தின் மொத்த மழையைக் கணிப்பதும், ஓர் ஆற்றில் வெள்ளம் வரும் நாளைச் சொல்வதும் வெவ்வேறானவை. இரண்டு மூன்று நாள் பெருமழையே வெள்ளத்திற்குப் போதுமானது. அதனை மே மாதத்தில் அறிய இயலாது. ஆற்றின் மேற்பகுதியில் நீர்மட்டத்தை அளந்து, கீழ்ப்பகுதியில் வாழ்வோருக்கு முன்கூட்டி அறிவிப்பதே வெள்ள முன்னறிவிப்பின் அடிப்படை. இந்தியாவில் இப்பணி வாக்கர் மறைந்த 1958 ஆம் ஆண்டிலேயே, டெல்லியில் யமுனை ஆற்றுக்கென நடுவண் நீர் ஆணையத்தால் தொடங்கப்பட்டது.

பருவகால முன்னறிவிப்பு இதற்கு முந்திய படியாகும். வழக்கத்தைவிட மழை மிகும் வாய்ப்பு இருப்பது தெரிந்தால் அணைகளில் இடம் ஒதுக்கவும், கரைகளைப் பலப்படுத்தவும், கால்வாய்களைத் தூர்வாரவும் காலம் கிடைக்கும். தென் அலைவின் விளைவு எல்லா இடங்களிலும் ஒரே திசையில் அமைவதில்லை. எல் நீனோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குறையும் போக்கு உண்டு. ஆனால் தமிழகத்திற்கு மழை தரும் வடகிழக்குப் பருவமழை அவ்வாண்டுகளில் மிகும் போக்கு உடையது. வலுவான எல் நீனோ நிலவிய 2015 ஆம் ஆண்டில் நாட்டின் பெரும்பகுதி வறட்சியால் வாடியது. அதே ஆண்டின் நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னை பெருவெள்ளத்தில் மூழ்கியது.